மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை: குற்றம் பாட்டரியினுடையதா?

தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்தில் ஒரு சிற்றூர். பொழுது புலரும் முன்பே தக்காளிக் கூடையை வண்டியில் ஏற்றிக் கட்டிய உழவர், மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துகிறார். ‘டக் டக் டக்’ என்ற ஓசை மட்டும் கேட்கிறது, என்ஜின் சுழலவில்லை. “பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்கிறார் அருகில் நிற்பவர். புதிது வாங்கிப் பொருத்தியும் சில வாரங்களில் மீண்டும் அதே தொல்லை வருமானால், செலவழித்த பணம் வீண்தானே? குறை எங்கே உள்ளது என்பதை அறிய, பள்ளியில் நாம் படித்த ஓம் விதியே போதும்.

முன்பு இத்தொல்லை ஏன் இல்லை? 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற சிறு வண்டி வெளிவந்தது. அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2004-ல் தான் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியே பிரிந்தது. அவ்வண்டியை மிதித்துக் கிளப்பினார்கள். தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை, என்ஜினோடு சுழலும் மாக்னீட்டோவே உண்டாக்கியது. கிளம்புவதற்கு அது பாட்டரியை நம்பியிருக்கவில்லை. பின்னர் பொத்தானை அழுத்திக் கிளப்பும் முறை பரவியது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைச் செலுத்தும் வேலையும் மின்சாரத்தின் பொறுப்பாயிற்று. எனவே பாட்டரி அறவே தீர்ந்துவிட்டால், இத்தகைய வண்டிகள் பலவற்றைத் தள்ளிவிட்டும் கிளப்ப இயலாது.

இனி பாட்டரியின் உட்புறத்தை நோக்குவோம். 1859-ல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே அமைத்த காரீய-அமிலச் சேமக்கலமே இதன் மூதாதை. ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட் கிடைக்கிறது. ஒவ்வொரு கலத்திலும் காரீயத் தகடும் காரீய ஈராக்ஸைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் உள்ளன. மின்சாரம் செலவாகும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. மின்னேற்றம் செய்தால் அது மறைகிறது. மின்னேற்றமின்றி நெடுநாள் விட்டுவிட்டால் சல்பேட் கெட்டிப்பட்டு, எளிதில் கரையாத படிகமாகிவிடுகிறது. அதனால் பாட்டரியின் அகத்தடை உயர்கிறது. கோடை வெப்பம் இந்த நலிவை விரைவுபடுத்தும்.

அகத்தடை உயர்ந்தால் என்ன? ஸ்டார்ட்டர் மோட்டார் 40 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். அகத்தடை 0.03 ஓம் எனில் உள்ளே இழக்கப்படுவது 1.2 வோல்ட், மோட்டாருக்கு 11.4 வோல்ட் எஞ்சும். அகத்தடை 0.12 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 4.8 வோல்ட், எஞ்சுவது 7.8 வோல்ட் மட்டுமே. ஆனால் சும்மா இருக்கும்போது அளந்தால் இரண்டு பாட்டரிகளும் 12.6 என்றே காட்டக்கூடும்! ஓய்வில் அளந்த எண்ணை மட்டும் நம்பலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

‘டக் டக்’ ஓசையும் இதனால்தான். மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலே ஒரு மின்காந்தம். அது இழுத்ததும் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, அழுத்தம் சரிகிறது, காந்தம் வலுவிழந்து விட்டுவிடுகிறது. உடனே அழுத்தம் ஏறுகிறது. காந்தம் மீண்டும் இழுக்கிறது.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பின்வருமாறு சோதிக்கலாம்.

1. என்ஜினை நிறுத்தும் சுவிட்சும் பக்கத் தாங்கியும் உரிய நிலையில் உள்ளனவா எனப் பாருங்கள். மோட்டார் விரைவாகச் சுழன்றும் என்ஜின் பற்றவில்லை எனில், பெரும்பாலும் குறை பெட்ரோலிலோ பிளக்கிலோ இருக்கும், பாட்டரியில் அன்று.

2. வண்டி சில மணி நேரம் நின்றபின் பாட்டரியை அளவிடுங்கள். 12.6-க்கு மேல் எனில் நிறைவு, 12.2 எனில் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழ் எனில் அநேகமாகக் காலி. குறைந்திருந்தால் முதலில் மின்னேற்றம் செய்யுங்கள்.

3. பொத்தானை அழுத்தியவாறே அளவிடுங்கள். மின்னேற்றம் செய்த பின்னும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரி நலிந்துவிட்டது எனலாம்.

4. பாட்டரி 11 வோல்ட்டுக்கு மேல் நிற்க, மோட்டார் மட்டும் தளர்கிறதா? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் முனையிலும், மற்றதை அதில் பூட்டிய கம்பியின் நுனியிலும் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். சுழியை ஒட்டிய அளவே வரவேண்டும். அரை வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால், இணைப்பில் உப்புப் பூத்திருக்கும் அல்லது திருகு தளர்ந்திருக்கும். துடைத்து முறுக்கினால் போதும்.

5. வண்டி கிளம்பியதும், நடுத்தர வேகத்தில் என்ஜின் ஓடும்போது அளவிடுங்கள். சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். 12.5-லேயே நின்றால் மின்னேற்றம் நடைபெறவில்லை. 15-ஐத் தாண்டினால் மிகையாக நடைபெறுகிறது. இரண்டுமே புதிய பாட்டரியையும் கெடுத்துவிடும்.

மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படலாம். அருகில் நெருப்பு ஆகாது. அமிலம் தோலிலும் கண்ணிலும் படலாகாது. காரீயம் நஞ்சு, ஆகவே பழைய பாட்டரியை உடைக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் உழவர் ஐந்தாம் சோதனையை முதலிலேயே செய்திருந்தால், இரண்டாவது பாட்டரியின் விலை அவர் கையிலேயே இருந்திருக்கும்.