"இப்ப ஸ்டார்ட் ஆகுதுதானே தங்கச்சி?": பழைய கார்களின் பிடிபடாத கோளாறு

ஒரு கார் முற்றாக ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பழுதான பாகம் எப்போது பார்த்தாலும் பழுதாகவே இருக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால் அகப்பட்டுவிடும். ஆளை அலைக்கழிப்பது மற்ற வகைதான். பத்துத் தடவை சாவியைத் திருப்பினால் ஒன்பது தடவை உடனே ஸ்டார்ட் ஆகும். பத்தாவது தடவை, பெரும்பாலும் மழையில், பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒன்றும் நடக்காது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே முதல் திருப்பலிலேயே எஞ்சின் ஓடும். "இப்ப ஸ்டார்ட் ஆகுதுதானே தங்கச்சி?" என்று பாஸ் கேட்பார். கண்டியில் மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் கேட்பதில் தவறில்லை. கண்முன்னால் இல்லாத நோயை எந்த வைத்தியர்தான் பார்ப்பது?

இந்தக் கோளாறைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு பெரிய காரணமும் ஒரு சிறிய காரணமும் உண்டு.

பெரியது நாட்டின் நிலைமை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் கடுமையான வரியோடு. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ரூபாய் விழுந்தது. 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அதே வருடம் பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஓடாமல் நிறுத்தி வைத்த கார்களின் பெட்டரிகள் நின்ற இடத்திலேயே கெட்டன. முப்பது வருடப் பழைய கார்கள் இன்னும் கண்டி வாவியைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருப்பது யாருக்கும் பழமையில் இருக்கும் பிரியத்தால் அல்ல. வேறு ஒன்று வாங்க முடியாததால்.

சிறிய காரணம் என்னுடைய கார். 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் செய்தது, ஒட்டோ கியர். அம்மாவை மாதம் ஒருமுறை பேராதனை வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிப்போவது அதில்தான். எங்கள் வீடு அம்பிட்டிய பக்கம், ஏற்றத்தில். அந்தப் பகுதியில் கை கியர் வைத்திருப்பவர்கள் காரை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போவார்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் உருட்டிவிட்டு கியரில் போட்டால் சரி. ஒட்டோ கியருக்கு அந்த வழி கிடையாது. முதல் கராஜில் பெட்டரியை மாற்றினார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. அடுத்த கராஜில், பார்க்காமலே, ஸ்டார்ட்டர் மோட்டாரை முழுசாக மாற்ற வேண்டும் என்று பஞ்சிகாவத்தை விலையைச் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகுதான் ஒரு பழைய வயரிங்காரரிடம் போனேன். அவரை நாநா என்றே எழுதுகிறேன். அவர் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஸ்டார்ட் ஆகாத நேரம் என்ன சத்தம் கேட்குது?" என்று கேட்டார். முதல் இரண்டு இடங்களிலும் யாரும் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது பெற்றோல் அல்லது தீப்பொறி சம்பந்தப்பட்டது. எஞ்சின் சுற்றவேயில்லை என்றால் அது பெட்டரி, கேபிள், சாவி ஸ்விட்ச், ஸ்டார்ட்டர் என்ற வட்டத்துக்குள் இருக்கிறது. முதல் நோய்க்கு இரண்டாவதன் மருந்தை வாங்கிக் காசைக் கரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சுற்றவேயில்லை என்றால் மறுபடி காது கொடுக்க வேண்டும். டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் பெட்டரியில் வலு இல்லை, அல்லது அதன் முனைகள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரேயொரு கனமான டக், பிறகு அமைதி என்றால் ஸ்டார்ட்டர் வரை கட்டளை போயிருக்கிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. சத்தமே இல்லையென்றால் கட்டளையே போய்ச் சேரவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, ஒட்டோ கியரில் 'பி' அல்லது 'என்' நிலையில் மட்டும் ஸ்டார்ட் பண்ண விடும் ஸ்விட்ச், இவற்றில் ஏதோ ஒன்று. கியரை 'என்'னில் போட்டுத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனால் அந்த ஸ்விட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

ஹெட்லைட்டையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மிகவும் மங்கினால் பெட்டரி களைத்திருக்கிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. வெளிச்சம் முற்றாக அணைந்தால் பெட்டரி முனையில் இணைப்பு விட்டுப்போகிறது. டக் என்ற சத்தம் வந்தும் வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவேயில்லை. என்னுடையது இந்தக் கடைசி வகை. ஒரு டக், லைட் அப்படியே. நாலைந்து தடவை திருப்பினால் திடீரென்று ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடும்.

இங்கே மல்டிமீற்றரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை வைத்திருப்பவர்களும் பலவேளை பிழையான நேரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான். ஆனால் ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே சரிந்து விழும் பெட்டரியும் உண்டு. வேலை செய்யும்போதுதான் அதன் உண்மை தெரியும். கேபிள்களும் அப்படியே. ஒரு சிறிய பெற்றோல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 150 அம்பியர் அளவில் இழுக்கும். வழியில் எங்கோ பச்சை பூத்த ஒரு இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 அம்பியரில் அது 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீற்றரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் அந்தத் தடை பூச்சியமாகத்தான் தெரியும். ஆகவே ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். 0.2, 0.3 வரை பரவாயில்லை. அதற்கு மேலே போனால் ஏர்த் கேபிளைக் கழற்றி, மணல்தாள் போட்டுத் தேய்த்துப் பூட்ட வேண்டும். பிளஸ் பக்கம் பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை 0.5க்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. கண்டி மாதிரி மழையும் ஈரமும் விடாத ஊரில் ஏர்த் இணைப்புகளைத் தேய்த்துப் பூட்டியதிலேயே குணமான கார்கள் நிறைய என்று நாநா சொல்கிறார். நம்பலாம்.

என் காரில் இரண்டு அளவும் சரியாக இருந்தன. ஆனால் அவை கார் ஸ்டார்ட் ஆன தடவைகளில் எடுத்த அளவுகள். ஆகாத தடவையில் என்ன நடக்கிறது? அதற்காக நாநா செய்த வேலையை யாரும் விலைக்கு விற்பதில்லை. ஸ்டார்ட்டரின் சொலினொய்டில் சாவியின் கட்டளை வந்து சேரும் மெல்லிய முனையிலிருந்து ஒரு வயரை, நடுவில் ஒரு சின்ன பியூஸோடு, டாஷ்போர்ட் வரை இழுத்தார். அதன் நுனியில் ஒரு சின்ன பல்ப், மறுமுனை ஏர்த். சாவியைத் திருப்பும்போதெல்லாம் பல்ப் எரியும். "ஸ்டார்ட் ஆகாத நேரம் பல்ப் எரிஞ்சதா, இல்லையா? அதை மட்டும் எழுதிக்கொண்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு சாமானும் வாங்க வேணாம்" என்றார்.

இந்தக் கோளாறில் சாட்சி காரை ஓட்டுபவர்தான். கராஜுக்கு வெளியே நடக்கும் ஒன்றை பாஸால் பார்க்க முடியாது. கூடவே நேரம், எஞ்சின் சூடா குளிரா, மழையா, கடைசியாக எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் எழுதச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்து கடுகண்ணாவ ஏற்றத்தை ஏறி, மேலே தேநீருக்கு நிறுத்திய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்கள் உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்றுவிடும். அடுத்த பத்து, இருபது நிமிடங்களுக்குப் பொனட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். வெடிப்பு விழுந்த இணைப்புகளும் களைத்த மின்னணுப் பாகங்களும் அந்த நேரம் பார்த்துத்தான் கைவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல வேலை செய்யும்.

இதற்குப் பேர்போன உதாரணம் 1980, 90களின் ஹொண்டா கார்களில் இருக்கும் மெயின் ரிலே. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஈயப் பற்றுகளில் மயிரிழை வெடிப்பு விழும். வெயிலில் நிறுத்திய கார் சுற்றும், பிடிக்காது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தால் பிடித்துக்கொள்ளும். சாவியை 'ஒன்'னில் வைத்ததும் பின்பக்கம் பெற்றோல் பம்ப் இரண்டு வினாடி ரீங்காரம் போடும். பழுதான தடவையில் அது கேட்காது. ஈயத்தை மறுபடி உருக்கிப் பற்றவைத்தாலே பலவேளை சரியாகிவிடும். இதைவிடப் பெரிய கதை அமெரிக்காவில் நடந்தது. சூடேறும் டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே ஃபோர்ட் நிறுவனம் பொருத்திய ஒரு இக்னிஷன் பாகத்தால் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றன. ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகின. விஷயம் நீதிமன்றம் போய், 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் சுமார் 17 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைக்கும்படி உத்தரவிட்டார்.

இலங்கைக்கே உரிய ஒரு சந்தேக நபரும் உண்டு: பிறகு பூட்டிய அலாரம். அது பழுதாகி எத்தனையோ வருடமாகியிருக்கும், ரிமோட் எங்கோ தொலைந்திருக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் வயரை வெட்டி நடுவில் பூட்டிய அதன் ரிலே டாஷ்போர்டுக்குள் டேப் சுற்றிய நிலையில் இன்னும் இருக்கும். சத்தமே இல்லாமல் அடம்பிடிக்கும் கார்களில் நாநா முதலில் கைவிடுவது அங்கேதான்.

என் கொப்பியில் ஒரு மாதத்தில் ஏழு பதிவுகள் சேர்ந்தன. சூடு, குளிர், மழை எதிலும் ஒழுங்கு தெரியவில்லை. ஆனால் ஏழு தடவையும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. ஏழு தடவையும் ஒரு டக். அதாவது சாவி ஸ்விட்ச், ரிலே, கியர் ஸ்விட்ச் எல்லாம் தங்கள் வேலையைச் செய்தன. கேபிள்களை ஏற்கனவே அளந்தாயிற்று. மிஞ்சியது ஸ்டார்ட்டரின் உள்பக்கம்.

கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் காலத்து ஜப்பானிய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில், சொலினொய்டுக்குள் இரண்டு செப்புத் துண்டுகள் இருக்கும். சாவியைத் திருப்பும்போது ஒரு செப்பு வட்டு பாய்ந்து வந்து இரண்டையும் இணைக்கும். அந்தப் பாலம் வழியாகத்தான் 150 அம்பியரும் ஓடும். ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து செப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இருபது, முப்பது வருடத்தில் ஒரு துண்டு ஒரு பக்கமாகக் கரைந்து மெலிந்துவிடும். வட்டு வந்து நிற்கும், டக் என்று சத்தமும் கேட்கும், ஆனால் தேய்ந்த துண்டைத் தொடாது. வட்டு இடைக்கிடை கொஞ்சம் சுழன்று வேறு முகத்தோடு வருவதால் ஒரு தடவை தொடும், ஒரு தடவை தொடாது. ஐந்தாவது திருப்பலில் ஓடுவதன் மர்மம் இவ்வளவுதான். புதுப் பெட்டரி போட்டதும் இரண்டு கிழமை நல்லாக இருந்ததுபோலத் தெரிந்தது தற்செயல். ஏழு தடவை நடப்பதற்குள் இருபது, முப்பது தடவை ஒழுங்காக ஓடும் ஒன்றில் அப்படித் தற்செயல்கள் நிறைய வரும்.

இரண்டு செப்புத் துண்டுகளும் வட்டுடன் கூடிய தண்டும் தனியாகக் கிடைக்கின்றன. முழு ஸ்டார்ட்டருக்கு எனக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்களும் குறுகியிருந்தால் அதே நேரத்தில் மாற்றிவிடலாம். ஸ்டார்ட்டரைச் சுத்தியல் பிடியால் தட்டியதும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஆனால் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பெரிய முனைகள் இரண்டையும் தொட்டு ஸ்டார்ட் பண்ணும் வித்தையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பொறி கையைச் சுடும். சிறிய முனையைத் தொட்டுவிட்டால், கியரில் நிற்கும் கார் முன்னால் நிற்பவர் மேல் பாயவும் பாயும்.

கராஜ்கள் ஏன் பார்க்காமல் மாற்றச் சொல்கின்றன என்பதை யோசித்துப் பார்த்தேன். பூட்டிய சாமானுக்கும் பூட்டுகூலிக்கும் நாங்கள் பேரம் பேசியாவது காசு கொடுக்கிறோம். கண்டுபிடித்ததற்கு யாரும் கொடுப்பதில்லை. "சும்மா பார்த்ததுதானே" என்போம். அரை நாள் வயருக்குள் தலையை விட்டுவிட்டு, கடைசியில் ஒரு இணைப்பைத் தேய்த்துப் பூட்டும் பாஸுக்கு எதன் பேரில் பில் போடுவது? ஸ்டார்ட்டரை மாற்றினால் அந்தச் சங்கடம் இல்லை. நாநா முதலில் செப்புத் துண்டுகளின் விலையையும் பூட்டுகூலியையும் மட்டும்தான் கேட்டார். பல்ப் பூட்டிய நாளையும் சேர்த்துப் போடச் சொன்னேன். சிரித்துவிட்டு, பில்லின் கடைசி வரியில் "பார்த்தது" என்று எழுதி, எதிரே ஒரு தொகையைப் போட்டார்.