திரை இங்கே, கணினி அங்கே

ரிமோட் டெஸ்க்டாப்பில் மும்முரமாக வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் மோடம் அணைந்துவிட்டால், சேமிக்காத கோப்பு போயிற்றே என்று பலர் பதறுவார்கள். போகவில்லை. மின்சாரம் வந்ததும் மறுபடி நுழைந்தால், பாதியில் நின்ற வாக்கியத்தின் முனையில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பு நம் மடிக்கணினிக்கு வந்ததே இல்லை. எழுதும் மென்பொருள், அது பிடித்திருக்கும் நினைவகம், திறந்து கிடக்கும் ஜன்னல்கள் எல்லாமே தொலைவில் உள்ள சர்வரில் ஓடுகின்றன. இந்த மொத்தத்தையும் செஷன் என்கிறோம். நமக்கு வருவது அதன் படம். நாம் அனுப்புவது விசைத் தட்டலும் மவுஸ் அசைவும்தான்.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வது பழைய யோசனை. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அதைச் செய்துகாட்டியது. அன்று எழுத்துகள் மட்டும்தான். படத்திரையை நெட்வொர்க் வழியே கொண்டுபோகும் எக்ஸ் விண்டோ அமைப்பு அதே எம்.ஐ.டி.யில் 1984இல் பிறந்தது. விண்டோஸ் உலகில் சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995இல் வழி திறக்க, 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரோடு ஆர்.டி.பி. என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. இன்றும் புழக்கத்தில் இருப்பது அதன் வளர்ந்த வடிவம்.

சாதாரண விண்டோஸ் கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அமரலாம். ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ஆர்.டி.பி. இணைப்பை ஏற்பதே இல்லை. விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்கென்று இரண்டு செஷன்கள் உண்டு, அதற்கு மேல் உரிமம் வாங்க வேண்டும். லினக்ஸில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. நினைவகமும் பிராசசரும் தாங்கும்வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அதனால் ஒரு சிறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ நான் தயங்காமல் சொல்வது எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டற்ற மென்பொருளைத்தான். உபுண்டுவிலோ டெபியனிலோ ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். எதிர்முனையில் இருப்பவர் விண்டோஸில் ஏற்கெனவே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் செயலியைத் திறந்தால் போதும்.

எக்ஸ்ஆர்டிபிக்குள் இரண்டு நிரல்கள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. ஒன்று 3389 என்ற போர்ட்டில் காத்திருந்து வருபவரை வரவேற்கிறது. செஸ்மேன் என்ற மற்றொன்று பாஸ்வேர்டைச் சரிபார்த்து, மானிட்டரே இல்லாத ஒரு மெய்நிகர் திரையை எழுப்பி, அதன்மேல் அந்த ஆளுக்குரிய டெஸ்க்டாப்பைத் தொடங்குகிறது. பத்துப் பேர் வந்தால் பத்துத் திரைகள். ஒருவர் செய்வது மற்றவர் கண்ணில் படாது.

முதன்முறை அமைப்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். லாகின் சரியாகப் போகும், பிறகு கருந்திரை. அதே பயனர் அந்தக் கணினியின் முன்னால் நேரடியாகவும் லாகின் செய்து வைத்திருப்பதுதான் பல நேரம் காரணம். ஒரே பெயரில் இரண்டு டெஸ்க்டாப்களை ஓடவிட க்னோம் போன்ற டெஸ்க்டாப் சூழல்கள் முரண்டு பிடிக்கும். அங்கே லாக்அவுட் செய்துவிட்டு வர வேண்டும், அல்லது தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எந்த டெஸ்க்டாப்பைத் தொடங்குவது என்று செஷனுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. பயனரின் ஹோம் அடைவில் எக்ஸ்செஷன் என்ற மறைகோப்பை உருவாக்கி, அதில் ஒரே வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

லினக்ஸ் டெஸ்க்டாப்களில் என் தேர்வு எக்ஸ்எஃப்சிஇ. ஆர்.டி.பி. முழுத் திரையையும் ஓயாமல் அனுப்புவதில்லை, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. ஜன்னல்கள் நிழலோடு மிதந்து வந்து மறையும் பகட்டான டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு அசைவும் மாற்றம்தான், மெதுவான இணைப்பு அதில் திணறிவிடும். எக்ஸ்எஃப்சிஇயில் அத்தகைய அசைவுகள் குறைவு.

தமிழில் தட்டச்சுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியிலிருந்து இணையும்போது வழக்கமாக நெட்வொர்க்கில் போவது எழுத்து அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண். அதை எழுத்தாக்குவது தொலைவில் உள்ள சர்வர். ஆகவே தமிழ்99 விசைப்பலகையை நம் மடிக்கணினியில் மட்டும் வைத்திருந்தால் போதாது, சர்வரிலும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் மூலம் சேர்க்க வேண்டும்.

இணைப்பைத் துண்டிப்பது வேறு, லாக்அவுட் செய்வது வேறு. துண்டித்துவிட்டுப் போனவர்களின் செஷன்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் ஓடும். செஸ்மேனின் அமைப்புக் கோப்பில் அவற்றுக்குக் கெடு வைக்கலாம்.

3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கவே கூடாது. திறந்த போர்ட்டைத் தேடிப் பாஸ்வேர்ட் ஊகிக்கும் நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. 2019 மே மாதம் வெளிவந்த ப்ளூகீப் என்ற ஓட்டை பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய வழி கொடுத்தது. 2014இலேயே ஆதரவை நிறுத்திய எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பின் சுரங்கம் எளிய காப்பு. எக்ஸ்ஆர்டிபி 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருக்கும்படி அமைத்துவிட்டு, சாவிக்கோப்பு வைத்திருப்பவர்களை மட்டும் எஸ்எஸ்எச் வழியே உள்ளே விடலாம். வெளியிலிருந்து துழாவுபவருக்கு 3389 மூடியே இருக்கும்.