கை தேடும் குமிழ்

*வடிவத்தில் ஆளுக்கொரு கட்சி, ரேடியோவில் எல்லோரும் ஒரே கட்சி. கார்ப் பிரியர்களோடு ஒரு காலைப்பொழுது.*

போன சனிக்கிழமை, சென்னைப் புதுப்பேட்டை. தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பின்விளக்குக் கண்ணாடி தேடி வந்திருந்தார் நண்பர். பானெட்டைத் திறந்ததுமே கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பக்க மட்கார்டோடும் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். மெக்கானிக் முன் டயரில் உட்கார்ந்தபடியே எஞ்சினைக் கழற்றி மாட்டலாம்.

இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம் இது. 1959இல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்து, பிறகு சென்னையில் தயாரானது. பிரிட்டனில் அதற்கு இரண்டு கதவுதான். பாட்டி ஏறி இறங்க வேண்டாமா? நம்மூரில் பின்னாளில் நான்கு கதவு வைத்தார்கள்.

சண்டை தொடங்கியது பின்பக்கத்து வால்துடுப்பில்.

“பியட்டைப் பாருங்க, அளவா வச்சிருக்கான்” என்றார் பத்மினி வைத்திருப்பவர்.

“துடுப்பெல்லாம் மீனுக்கு சார். வண்டின்னா உருண்டு திரண்டு இருக்கணும்” என்றார் அம்பாசடர்க்காரர். 1957இல் பிறந்து 2014 வரை ஏறக்குறைய அதே முகஜாடையோடு ஓடிய வண்டியின் சொந்தக்காரர் வேறெப்படிப் பேசுவார்!

துடுப்புக்கு மூலம் ஒரு போர் விமானம். அமெரிக்காவின் பி-38 விமானத்து இரட்டை வாலில் மயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர்கள், 1948 காடிலாக்கில் அதைச் சின்னதாக முளைக்கவிட்டார்கள். 1959இல் அது ராக்கெட் மாதிரி எழும்பி நின்றது. அப்புறம் தேய்ந்தே போனது.

காலால் ஒரு மிதி

பேச்சு சுவிட்சுக்கும் டேஷ்போர்டுக்கும் வந்ததும் சண்டை அடங்கிவிட்டது. பழைய அம்பாசடரில் டிம் அடிக்கும் சுவிட்ச் தரையில், இடது காலருகே இருக்கும். ஒரு மிதி மிதித்தால் டிம், இன்னொரு மிதியில் பிரைட். எதிரே லாரி வந்தாலும் கை ஸ்டியரிங்கை விடாது.

பழைய கார் ரேடியோக்களின் பொத்தானும் அப்படித்தான், பார்க்காமலே இயக்கலாம். குமிழைத் திருகி நிலையத்தைப் பிடித்து, ஒரு பொத்தானை வெளியே இழுத்து மறுபடி உள்ளே அழுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் அதைத் தொட்டாலே முள் ‘டக்’கென்று ஓடி அங்கே நிற்கும். எல்லாம் உள்ளிருக்கும் நெம்புகோலின் வேலை.

கார் ரேடியோவின் கதையும் பழசுதான். 1930இல் அமெரிக்கர் பால் கால்வின், ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்குத் தன் காரிலேயே ரேடியோ பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டி போனார். உள்ளே அவருக்கு ஸ்டால் கிடையாது. வாசலில் காரை நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டே ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவின் பெயர்தான் மோட்டோரோலா. 1956இல் கிறைஸ்லர் ஒரு படி மேலே போய் டேஷ்போர்டுக்கு அடியில் இசைத்தட்டுப் பெட்டியையே வைத்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

306 மீட்டர், 1,372 மீட்டர்

இந்தப் பொத்தான் பேச்சில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. என் புது வண்டியில் எல்லாமே தொடுதிரைக்குள். ஒரு மழை இரவில், செங்கல்பட்டு தாண்டி கண்ணாடியில் ஆவி படிந்தது. ஏசிக் காற்றை அதன்மேல் திருப்ப மூன்று பக்கங்களைத் தள்ள வேண்டியிருந்தது. நிமிர்ந்தால் முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு கைக்கெட்டும் தூரத்தில்!

இது என் கைக்கோளாறு மட்டுமில்லை. ஸ்வீடனின் ‘வி பில்அகாரே’ கார்ப் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை நடத்தியது. 110 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ரேடியோ நிலையத்தை மாற்றுவது, வெப்பத்தைக் கூட்டுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான் வைத்த 2005 வால்வோவில் பத்தே நொடி. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. திரை வைத்த கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.6 நொடி, 1,372 மீட்டர்.

கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பும் விழித்துக்கொண்டது. இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனி சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 விதிகளில் சேர்த்திருக்கிறது.

திரையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேப்பும் ரிவர்ஸ் கேமராவும் இல்லாமல் தி.நகர் சந்தில் தவித்தவர்கள்தான் அத்தனை பேரும். “ஆனா சவுண்டுக்கு ஒரு குமிழ் வச்சா குறைஞ்சா போயிடுவான்?” என்றார் அம்பாசடர்க்காரர். துடுப்பில் முறைத்துக்கொண்ட பத்மினிக்காரரும் தலையாட்டினார்.

மத்தியானம் ஹெரால்டில்தான் திரும்பினோம். சிந்தாதிரிப்பேட்டை சிக்னல் பச்சைக்கு மாறியது. சாலையைப் பார்த்தபடியே நண்பர் இடது கையை நீட்டினார். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு செய்தி வாசிப்பவரின் குரல்.