ஈமுவும் தேரையும் சாணி வண்டும்: ஆஸ்திரேலிய விவசாயிகள் பட்டறிந்த பாடம்

ஆஸ்திரேலியா என்றதும் கங்காருவும் செம்மறி ஆட்டு மந்தையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டுக் கிராமப்புறத்தில் வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிய பிறகே காலை உள்ளே விடுவார்கள். உள்ளே விஷச் சிலந்தி ஒளிந்திருக்கக் கூடும்.

கொட்டகையில் பாம்பு, பட்டியைச் சுற்றிக் காட்டு நாய், கோதுமை வயலில் ஈமு, முகத்தில் மொய்க்கும் ஈ என்று தொல்லைகள் பல. இவற்றைச் சமாளிக்க அந்நாட்டார் துப்பாக்கி தூக்கியதும் உண்டு. ஒரு பிராணியை ஒழிக்க இன்னொரு பிராணியைக் கொண்டு வந்ததும் உண்டு. அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை நம் விவசாயிகளும் தெரிந்து கொள்வது நல்லது.

தோற்றுப்போன துப்பாக்கி

1932-ம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பியன் பகுதியில் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலர் நிலம் பெற்றுக் கோதுமை பயிரிட்டு வந்தனர். கோதுமை விலையோ விழுந்து கிடந்தது. அந்த நேரத்தில் சுமார் 20,000 ஈமுக்கள் வயல்களில் புகுந்தன. பயிரைத் தின்றும் மிதித்தும் பாழாக்கின. வேலியையும் உடைத்தன. உடைந்த இடம் வழியாக முயல்களும் உள்ளே வந்தன.

விவசாயிகள் முறையிட்டதும் ராணுவம் வந்தது. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். ஆனால் சுடத் தொடங்கியதும் பறவைகள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஓடின. லாரியில் துரத்தியும் பயனில்லை. டிசம்பர் மாதம் ராணுவம் திரும்பிப் போயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் விவசாயிகள் மீண்டும் கேட்டபோது அரசு ராணுவத்தை அனுப்பவில்லை. நாளடைவில் கைகொடுத்தது நல்ல வேலிதான்.

ஆட்டை அடிக்கும் டிங்கோ என்ற காட்டு நாயைத் தடுக்கவும் அங்கே வேலிதான். அதன் நீளம் சுமார் 5,600 கிலோ மீட்டர். நம் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரத்தைவிட இது அதிகம். ஆட்கள் வேலி நெடுகச் சென்று ஓட்டைகளை அடைத்தபடி இருக்கிறார்கள். அப்படியும் தாண்டி வரும் நாய்களிடமிருந்து மந்தையைக் காக்க, மரெம்மா என்ற இத்தாலிய இனக் காவல் நாயைச் சிலர் வளர்க்கின்றனர். குட்டியாக இருக்கும்போதே ஆடுகளோடு விட்டு வளர்த்தால் அது மந்தையைத் தன் சொந்தமாகவே நினைத்துக் காக்கும்.

தேரை கொண்டு வந்த வினை

குவீன்ஸ்லாந்து மாநிலம் கரும்புக்குப் பேர் போனது. அங்கே ஒரு வகை வண்டின் புழு மண்ணுக்குள் இருந்துகொண்டு கரும்பின் வேரைத் தின்று வந்தது. இதை ஒழிக்க 1935-ல் ஹவாய்த் தீவிலிருந்து 102 பெரிய தேரைகளைக் கொண்டு வந்து, பெருக்கி, கரும்புத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் விட்டார்கள்.

நடந்தது என்ன? புழு மண்ணுக்குள் இருக்கிறது. வளர்ந்த வண்டோ மர உச்சியில் இலை தின்கிறது. தரையில் தத்தும் தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. அது கிடைத்த மற்றப் பூச்சிகளைத் தின்று பெருகிற்று. ஒரு பெண் தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். தேரையின் தோலில் விஷம் உண்டு. அதைக் கவ்விய உடும்புகளும் பாம்புகளும் வளர்ப்பு நாய்களும் செத்தன. இன்று அந்தத் தேரை வடக்கு ஆஸ்திரேலியா முழுவதும் பரவி, மேற்கு மாநிலத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. வேர்ப்புழுவோ இன்னும் கரும்பில் இருக்கிறது! நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிய கதையல்ல.

சோதித்து விட்ட வண்டு

வெளியிலிருந்து கொண்டு வருவதெல்லாம் கெடுதிதானா? அப்படியும் இல்லை. 1788-ல் வெள்ளையர் குடியேறியபோதுதான் மாடு அந்நாட்டுக்கு வந்தது. அங்கிருந்த சாணி வண்டுகள் கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஈரமான மாட்டுச் சாணத்தை அவை அவ்வளவாகத் தொடவில்லை. சாணம் மேய்ச்சல் நிலத்திலேயே காய்ந்து கிடந்தது. அடியில் புல் முளைக்கவில்லை. அந்தச் சாணத்தில்தான் ஈக்கள் கோடிக்கணக்கில் பெருகின.

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்ற பூச்சியியல் அறிஞர் இதைக் கவனித்தார். அவர் யோசனைப்படி, 1965 முதல் 1985 வரை ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் 40-க்கு மேற்பட்ட வகைச் சாணி வண்டுகளை அரசு ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்தது. நோய் ஏதும் கூட வராதபடி முட்டைகளைக் கழுவிச் சுத்தம் செய்து, தனி அறையில் வளர்த்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள்.

இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் நிலைத்தன. அவை சாணத்தை மண்ணுக்குள் புதைத்து எருவாக்கின. மண் இளகி மழைநீர் இறங்கிற்று. ஈ அடியோடு ஒழியவில்லை. ஆனால் பல இடங்களில் வெகுவாகக் குறைந்தது. தேரையும் வெளிநாட்டுச் சரக்குதான், வண்டும் வெளிநாட்டுச் சரக்குதான். முன்னதை எண்ணிப் பாராமல் விட்டார்கள். பின்னதைச் சோதித்து விட்டார்கள்.

பாம்புக் கடிக்கு

கடும் விஷப் பாம்புகள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்து இறப்பவர் ஆண்டுக்குச் சராசரி இரண்டு அல்லது மூன்று பேரே. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அங்கே ஜனத்தொகை குறைவு, வயலில் இறங்குவோரும் குறைவு என்பது உண்மை. ஆனாலும் அவர்கள் பழக்கங்களில் நாம் கைக்கொள்ளத் தக்கவை உண்டு. வேலையின்போது பூட்ஸும் முழுக்கால் சட்டையும் அணிகிறார்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடப்பதில்லை. தானியம் சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும் என்பதால் கொட்டகையைச் சுத்தமாக வைக்கிறார்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் விலகி நிற்கிறார்கள்.

கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான துணிப்பட்டையைச் சுற்றி, அசையாமல் வைக்கும் முறை அங்கே 1970-களில் கண்டறியப்பட்டது. இதை நம் விவசாயிகள் அப்படியே பின்பற்றலாகாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற நம் நாட்டுப் பாம்புகளின் விஷம் சதையை அழுகச் செய்யும். அழுத்திக் கட்டினால் கேடு அதிகமாகும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கீறாமல், கயிறு கட்டாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே சரி. விஷமுறிவு ஊசிதான் உயிர் காக்கும்.

இங்கும் புதுப் பூச்சி, புது மீன், புதுச் செடி என்று யாராவது கொண்டு வந்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது எதைத் தின்னும்? எதனால் கட்டுப்படும்? வேண்டாம் என்றால் திருப்பி அழைக்க முடியுமா? விடை தெரியும் வரை அதை நிலத்தில் விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.