சத்து மாத்திரை வாங்கும் பார்க்கின்சன் நோயாளி

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எழுதிக்கொடுத்த நரம்பியல் மருத்துவருக்கு, அதே நோயாளி ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுவது தெரியாமலே போகலாம். இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுப்பவர் மருந்துக்கடைக்காரர். குடலில் இரும்பு லெவோடோபாவோடு பிணைந்துகொள்ளும். ரத்தத்தில் சேரும் மருந்து குறையும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டால் போதும். அதைச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாகப் போகிறவர்கள் இன்றைய பி.ஃபார்ம்., ஃபார்ம்.டி. மாணவர்கள். மருந்துகளைப் படிக்கும் அதே அக்கறையோடு சத்து மாத்திரைகளையும் அவர்கள் படித்தாக வேண்டும்.

பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாவதும் அதற்கு ஒரு காரணம் என்பதால், மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஊட்டம் கொடுத்தால் நோயின் வேகம் குறையும் என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான். கோஎன்சைம் கியூ10-ஐ 600 பேரிடம், தினம் 2,400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2014-இல் முடிவு வெளியானது. கிரியாட்டினை 1,741 பேருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்த ஆய்வும் 2015-இல் அதையே சொன்னது. வைட்டமின் ஈ-யின் கதை 1993-லேயே முடிந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவர் கோஎன்சைமுக்காக மாதாமாதம் பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூனைக்காலி விதையின் நிலைமை வேறு. அதில் இருப்பது லெவோடோபாவேதான். 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சனுக்கு உதவும் என்று உலகம் அறிந்தது 1960-களில். ஆகவே பூனைக்காலிப் பொடியை 'மூலிகைதானே' என்று விட்டுவிட முடியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அது கூடுதல் டோஸ்: குமட்டல், ரத்த அழுத்தம் சரிதல், தன்னிச்சையான உடல் அசைவுகள் வரலாம். எவ்வளவு கூடுதல் என்றும் கணக்கிட முடியாது. விதைக்கு விதை அளவு மாறும்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. லெவோடோபாவின் பலனைக் குறைக்கும் என்பதால் அதோடு வைட்டமின் பி6 கூடாது என்பது பழைய பாடம். மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்து சேர்ந்த பிறகு, வழக்கமான அளவு பி6-ஆல் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் பொடியில் கார்பிடோபா கிடையாது. பொடியை மட்டும் நம்பியிருப்பவருக்குப் பழைய எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

அதற்காக எல்லாச் சத்து மாத்திரையும் வீண் என்று மாணவர்கள் படித்துவிடக் கூடாது. நீண்ட காலம் லெவோடோபா எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது என்று வருபவரிடம் அதை முதுமை என்றோ நோயின் போக்கு என்றோ சொல்லி அனுப்பாமல், பி12 ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அங்கே சத்து மாத்திரைதான் மருந்து.