ஒரு பிக்கப் போதுமா?

வீணையும் வயலினும் பயின்றுவந்த நம் குடும்பங்களிலே இப்பொழுது இன்னொரு வாத்தியமும் வாசலில் வந்து இடம் கேட்டு நிற்கிறது. வெள்ளவத்தையில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் அக்காவின் தம்பிக்கு மின்சாரக் கிட்டார்மேல் மோகம். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசையின்போது பாடகர் குழுவோடு சாதாரணக் கிட்டாரை மீட்டிப் பழகிய பிள்ளைக்கும் அடுத்த படி அதுவே. பெற்றோருக்கோ அஃது அறியாத உலகம். கடைக்குச் சென்றவுடன் விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வியே அவர்களைத் திகைக்க வைத்துவிடுகிறது: “ஐயா, எத்தனை பிக்கப் உள்ளது வேண்டும்? ஒன்றா, இரண்டா, மூன்றா?”

பிக்கப் என்றால் சாமான் ஏற்றும் சிறு வாகனம் என்று மட்டும் அறிந்த தந்தையார் இதற்கு என்ன மறுமொழி சொல்வார்? மூன்று என்பது ஒன்றிலும் பெரிதல்லவா? பிள்ளைக்குக் குறை வைக்கலாகாது என்று பெரியதையே வாங்கிவிடுகிறார். செலவும் பெரிதாகிவிடுகிறது.

ஆனால், எத்தனை பிக்கப் பொருத்திய கருவியையும் விலை கொடுத்து வாங்கும் வசதி படைத்த பெருங்கலைஞர் சிலர், ஒன்றே ஒன்று பொருத்திய கிட்டாரைத் தேடி எடுத்து வாழ்நாள் முழுதும் வாசித்திருக்கிறார்கள் என்ற செய்தியை அறிந்திருந்தால், அந்தத் தந்தையார் சற்றுத் தயங்கியிருப்பார். அந்த விருப்பத்தின் காரணத்தை அறிவது நம்மவர்க்குக் கடினமும் அன்று. வீணையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது மிகவும் பழகிய விஷயம்.

முதலில் இந்தப் பிக்கப் என்பது யாது என்று பார்ப்போம். தந்திகளுக்கு நேர் கீழே, கிட்டாரின் உடலிற் பதித்திருக்கும் நீண்ட சிறு கட்டைதான் அது. அதனுள்ளே காந்தம் இருக்கும். அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஏறத்தாழ 7,000 முதல் 10,000 சுற்று வரை சுற்றியிருப்பார்கள். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவினாலே செப்புச் சுருளில் சிறியதொரு மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் படிக்கும் மாணவர்கள் கரும்பலகையிற் கண்டதை இங்கே காதாற் கேட்கலாம். அந்த மின்னோட்டத்தை அம்பிளிபையர் பெரிதாக்கி ஒலியாக்குகிறது.

இனி, இதனை எவ்விடத்திற் பதிப்பது என்பதே கேள்வி. தந்தியின் ஒரு முனை தாங்கி நிற்கும் கட்டையை வீணையிலே குதிரை என்போம். கிட்டாருக்கும் அப்பெயரையே வைத்துக்கொள்வோம். குதிரைக்கு அருகில் தந்தி விறைப்பாக நின்று சிறிதளவே அசையும். அங்கே பதித்த பிக்கப் கூர்மையான, சற்றுக் கண்டிப்பான நாதத்தைத் தரும். விரல் வைக்கும் தண்டிக்கு அருகிலோ தந்தி அகலமாக ஆடும். அங்கே பதித்தாற் பெறுவது உருண்டு திரண்ட, இனிய நாதம். இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று பதித்து, வேண்டியதைத் தெரிவு செய்ய ஒரு சுவிட்சும் வைத்துவிட்டால் வசதிதானே என்று தோன்றும். பெரும்பாலான கிட்டார்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன.

ஆயினும் இந்த வாத்தியம் பிறந்தபோது ஒன்றோடுதான் பிறந்தது. ஜோர்ஜ் போஷாம் என்பவர் அமெரிக்காவில் 1931இல் உருவாக்கி, மறு ஆண்டு விற்பனைக்கு வந்த அலுமினியக் கிட்டாரை, அதன் வட்ட உடலையும் நீண்ட பிடியையும் கண்டு ‘பொரிக்கும் தாச்சி’ என்று கேலியாக அழைத்தார்கள். மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிட்டார் அது. குதிரை லாடம் போன்ற காந்தம் பொருந்திய ஒரே பிக்கப்தான் அதில் இருந்தது. 1936இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட ‘ஈ.எஸ். 150’ என்ற கிட்டாரிலும் ஒன்றுதான், தண்டியின் பக்கமாக. சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் அதனைக் கையிலெடுத்து 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்தார். அதுவரை பின்வரிசையிலே தாளம் தட்டிக்கொண்டிருந்த கிட்டாரை ஊதுகருவிகளுக்கு நிகராக முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். 1942இல், 25 வயதிலேயே அவர் காலமானார். அந்தச் சில ஆண்டுகளிற் பதிவான அவருடைய வாசிப்பை ஜாஸ் பயில்வோர் இன்றும் பாடமாகக் கேட்கிறார்கள்.

1950இல் லியோ பெண்டர் வெளியிட்ட திட உடற் கிட்டாரான எஸ்கொயரும் ஒரு பிக்கப்போடுதான் சந்தைக்கு வந்தது. பின்னாலே வந்த அதன் இரட்டைப் பிக்கப் உடன்பிறப்பே டெலிகாஸ்டர் என்று பெரும் புகழ் பெற்றது. 1954இலே கிப்சன் நிறுவனம் மாணவர்களை மனத்திற்கொண்டு லெஸ் போல் ஜூனியர் என்ற சிக்கனக் கருவியைச் செய்தது. தட்டையான மரவுடல், குதிரையருகே ஒரு பிக்கப், இரண்டு குமிழ். அலங்காரம் எதுவும் இல்லை. பெரிய லெஸ் போலின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே அது கிடைத்தது.

இங்கேதான் வேடிக்கை. மாணவருக்கென்று மலிவாகச் செய்த அந்தக் கருவியை ஆசிரியர்களே பறித்துக்கொண்டார்கள் எனலாம். ‘மௌண்டன்’ குழுவின் லெஸ்லி வெஸ்ட், 1970ஆம் ஆண்டையொட்டி அதனைக் கொண்டு பெருங்கூட்டங்களை அதிர வைத்தார். ‘கிறீன் டே’ குழுவின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்றோங், 1956இற் செய்யப்பட்ட ஜூனியர் ஒன்றைப் பெரிதும் விரும்பி வாசித்து வருபவர். எடி வான் ஹேலனின் கதை இன்னும் சுவையானது. குறைபாட்டினால் மலிவாக விற்கப்பட்ட மரவுடலொன்றை வாங்கி, பழைய கிட்டாரொன்றின் பிக்கப்பைக் கழற்றிக் குதிரையருகே பதித்து, கம்பிச் சிக்கல்களையெல்லாம் நீக்கி ஒரே ஒரு குமிழோடு நிறுத்திக்கொண்டார். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழின் தலையிலே ‘டோன்’ என்று எழுதியிருந்தது! 1978இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்டவர்கள், இந்த மனிதர் இத்தனை நாதங்களை எங்கிருந்து எடுக்கிறார் என்று வியந்தார்கள்.

எங்கிருந்து? கையிலிருந்துதான்.

நம் வீட்டு வீணையை எடுத்துக்கொள்வோம். மெட்டுக்கள் 24, வாசிக்கும் தந்திகள் 4, பக்கத்திலே தாளத்துக்கு 3. நாதத்தை மாற்றுவதற்கென்று அதிலே ஒரு குமிழுண்டா, சுவிட்ச் உண்டா? ஆயினும் தேர்ந்த வைணிகர் ஒருவர் குதிரையை நெருங்கி மீட்டும்போது வெண்கலம் போன்ற கணீரென்ற ஒலி கேட்கிறது. கையைச் சற்று விலக்கினால் அதே தந்தி குழைந்து பாடுகிறது. நகத்தாற் கிள்ளினால் ஒன்று, விரற்சதையால் வருடினால் வேறொன்று. இந்த வேறுபாட்டைக் காதால் உணர்ந்து கையால் வரவழைப்பதற்கே மாணவி ஆண்டுக்கணக்காகப் பயில்கிறாள். ஒரு பிக்கப் கிட்டாரும் வாசிப்பவனை இதே நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இனிய நாதம் வேண்டுமா? மீட்டும் கையைத் தண்டிப் பக்கம் நகர்த்து, மென்மையாகத் தொடு, குமிழைச் சற்றுக் குறை. கூர்மை வேண்டுமா? குதிரைக்கு அருகே வா. சுவிட்சைத் தட்டிவிட்டு நாதம் மாறிவிட்டது என்று திருப்தியடைய அங்கே வழியில்லை. தொடக்க மாணவனுக்கு இதைவிட நல்ல கட்டுப்பாடு வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கமகத்தை விரும்பும் நம்மவர் கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்றும் உண்டு. வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவது போலவே கிட்டாரிலும் தந்தியைப் பக்கவாட்டில் வளைக்கிறார்கள். அப்படி வளைக்கும்போது, தண்டிக்கு அருகிலே பதித்த பிக்கப்பின் காந்த முனையை விட்டுத் தந்தி கணிசமாக விலகிப் போகும். அந்நேரத்தில் ஒலி சிறிது மெலியக்கூடும். குதிரையில் தந்தியின் முனை நிலைத்து நிற்பதால், அதற்கு அருகில் விலகல் மிகமிகச் சிறிது. ஆகவே குதிரைப் பக்கத்துப் பிக்கப், எவ்வளவு இழுத்தாலும் தந்தியைக் கைவிடுவதில்லை. தண்டிப் பக்கத்துக் காந்தம் இல்லாமற் போவதனாலே தந்தி தடையின்றி நீண்டு ஒலிக்கிறது என்றும் சிலர் வாதிடுவர். அதிலே உண்மை இல்லாமலில்லை. வலிமை மிகுந்த காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்தி வைத்தாற் சுருதியே சற்றுக் கலங்கும். ஆனால் அளவோடு தாழ்த்தி வைத்த பிக்கப்பினால் அத்தனை கேடு விளைவதில்லை. ஒற்றைப் பிக்கப்பின் பக்தர்கள் இதனை மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்றே கொள்ளலாம்.

மின்சார வாத்தியத்தில் கமகம் பேசுமா என்று ஐயுறுவோருக்கு மண்டலின் ஸ்ரீநிவாசை நினைவூட்டினாற் போதும். ஆந்திரத்தின் பாலக்கொல்லில் 1969இற் பிறந்த அவர், எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நிற்கும் வழக்கமான மண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மண்டலினைக் கையாண்டார். சிறுவனாக மேடையேறியபோதே, இந்தக் கருவியிலே கருநாடக இசையா என்று கேட்டவர்களின் வாயை அடைத்துவிட்டார். 2014இற் சென்னையில் அவர் மறைந்தபோது வயது 45தான். 

நம் ஊரிலும் மின்சாரக் கிட்டாருக்கு வரலாறு உண்டு. 1960களின் பிற்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவின் மூலம் சிங்களப் பாடலுக்குள் அதனை அழைத்து வந்தார்கள். அக்காலத்தை ஒட்டியே தமிழிலும் பொப் இசை தலையெடுத்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும், ஏ. ஈ. மனோகரன் பாடிக் கடல் கடந்த ‘சுராங்கனி’யும் அறியாத தமிழ் வீடு இலங்கையில் இருந்திராது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாளிலே வெளிநாட்டுக் கிட்டார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருந்ததை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய காலம் அது. இன்று வகைவகையாகக் கிடைக்கிறது. ஆகவேதான் தெரிவு செய்வதே ஒரு பாடாகிவிட்டது.

வெள்ளவத்தைவாசிகள் மட்டும் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இருக்கிறது. காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் ரயிற் பாதையைத் தொட்டுக் கடலிலே முடிகின்றன. உப்புக்காற்று, யன்னற் கம்பியை அரிப்பது போலவே கிட்டாரின் உலோகத்தையும் அரிக்கும். தந்தி கறுக்கும், அதை மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் சுவிட்சின் தொடுமுனைகளிலே களிம்பு படர்ந்தாலோ, தட்டும்போதெல்லாம் ‘கர், கர்’ என்று இரையும். சிலவேளை ஒலியே நின்றுவிடும். பிக்கப் ஒன்றாயின் தெரிவுச் சுவிட்சுக்குத் தேவையில்லை. உறுப்புக் குறைந்தாற் பழுதும் குறையும். மின்னொட்டு வேலை சிறிது தெரிந்த மாணவன் தன் கருவியைத் தானே திறந்து திருத்தவும் கற்றுக்கொள்வான்.

குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஒற்றைச் சுருளுள்ள பிக்கப், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிவிடும். நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. அதன் ‘ஹம்’ என்ற முரலொலி அம்பிளிபையரிற் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பிக்கப்பை எதிர்த்திசையிற் சுற்றி ஒன்றாக இயக்கினால் இவ்விரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்று மட்டுமுள்ள கருவியில் அதற்கு வழியில்லை. இரட்டைச் சுருளை ஒரே கட்டைக்குள் அடக்கிய ‘ஹம்பக்கர்’ என்ற வகையைத் தெரிவு செய்தால் இத்தொல்லை பெரிதும் தீரும். தொடர்மாடி வீட்டிலே, மெல்லிய சுவருக்கப்பால் அயலவர் உறங்கும் நேரத்தில் இது சிறிய விஷயம் அன்று.

இன்னொன்று: கொட்டாஞ்சேனைக் கலியாண மண்டபத்திலே ஒரே இரவில் திரைப்படப் பாடலும் பைலாவும் ஆங்கில மெட்டும் வாசித்துப் பிழைக்கும் கலைஞருக்கு இரண்டு பிக்கப் அவசியமே. பாட்டுக்குப் பாட்டு நாதத்தை நொடியில் மாற்ற வேண்டிய தொழில் அவருடையது. அவரிடம் போய்க் கையாற் செய் என்று உபதேசிப்பது மூடத்தனம். நாம் பேசுவது பயிலும் பிள்ளையைப் பற்றியும், தன் நாதம் இன்னதென்று தெரிந்துகொண்ட முதிர்ந்த கலைஞரைப் பற்றியுமே. இவ்விருவருக்கும் இடையில் இருப்பவர்களுக்குத்தான் பிக்கப் பல தேவைப்படுகின்றன போலும்.

ஆகவே கடைக்குச் செல்லும் பெற்றோர், பிக்கப்பின் தொகையைக் கண்டு மயங்காமல் வேறு சிலவற்றைப் பார்க்கட்டும். தண்டி வளையாமல் நேராக இருக்கிறதா? மெட்டின் ஓரம் பிள்ளையின் விரலைக் கீறாமல் இருக்கிறதா? சுருதி கூட்டிய தந்தி பத்து நிமிடம் வாசித்தபின்னும் சுருதியில் நிற்கிறதா? பிக்கப்பிலே மிச்சம் பிடித்த பணத்தை நல்லதொரு சிறு அம்பிளிபையருக்குச் செலவிடலாம். கிட்டாரில் முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, தகரப்பெட்டி போன்ற அம்பிளிபையரை வாங்கி வருவோரே அதிகம். பணம் கொடுக்குமுன் கருவியைச் செருகி, குமிழ்கள் இரண்டையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இடையிலே கரகரப்புக் கேட்டால், அதை அங்கேயே வைத்துவிட்டு அலுமாரியிலிருந்து அடுத்ததை எடுத்துத் தரும்படி கேட்கலாம்.