விழப்போகும் பல்தானே!

ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் முதற்பல் ஆடத் தொடங்கிவிட்டால் வீடே பரபரப்பாகிவிடுகிறது. பாட்டி நூல் தேடுகிறார். தாத்தா கதவைக் காட்டுகிறார். தந்தையோ, “ஒரே இழுப்பில் முடிந்துவிடும்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருகிறார். நடுவில் நிற்கும் பிள்ளை மட்டும் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறது.

வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறான நிலை. நான்கு வயதுக் குழந்தை சொத்தைப் பல்லின் வலியால் இரவெல்லாம் உறங்காமல் துடித்தாலும், “விழப்போகும் பல்தானே! வேறு முளைக்கும்” என்று சொல்லி ஒரு கிராம்பை வைத்து அடக்கிவிடுகிறார்கள். முன்னது அவசரம், பின்னது அலட்சியம். இரண்டும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை. பால்பல் எதற்காக இருக்கிறது, எவ்வாறு விழுகிறது என்பதை அறிந்த பெற்றோர் இவ்விரண்டு தவறுகளையும் செய்யமாட்டார்கள்.

இயற்கையின் ஏற்பாடு

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கும் பால்பற்கள் மூன்று வயதுக்குள் இருபதாக நிறைவுபெறுகின்றன. ஆறு வயதளவில் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் இரண்டும் முதலில் ஆடுகின்றன. அவற்றைத் தொடர்ந்து மேல்தாடையின் நடுப்பற்களும், அவற்றை அடுத்துள்ள முன்பற்களும் எட்டு வயதளவில் விழுந்துவிடும். பால் கடைவாய்ப் பற்களும் கோரைப்பற்களும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் விழுகின்றன. சில பிள்ளைகளுக்கு ஓராண்டு முந்தலாம், சிலருக்குப் பிந்தலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயினும், நான்கு வயதுக்கு முன்பே அடிபடாமல் பல் விழுந்தாலும், எட்டு வயது ஆகியும் ஒரு பல்லும் ஆடாதிருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

பால்பல் ஏன் ஆடுகிறது? அதன் அடியில் வளரும் நிலைப்பல் மேலெழும்பி வரும்போது, பால்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து மறைகிறது. வேர் முழுவதும் கரைந்தபின் பல்லை ஈறு மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். ஆதலால்தான் தானாக விழுந்த பல்லில் வேர் காணப்படுவதில்லை. அதைக் கண்டு, “வேர் உள்ளேயே ஒடிந்துவிட்டதே” என்று அஞ்சும் தாய்மார்கள் பலர். அந்த அச்சம் வேண்டாம்.

நூலும் கதவும் வேண்டாம்

வேர் கரையும் வேலை முடியுமுன் நூலைக் கட்டி இழுத்தால் ஈறு கிழியலாம். எஞ்சிய வேர் முறியலாம். இரத்தமும் மிகுதியாக வரும். அதனினும் பெரிய தீங்கு, பிள்ளையின் மனத்தில் பதியும் அச்சமாகும். “சும்மா தொட்டுப் பார்க்கிறேன்” என்று ஏமாற்றிப் பிடுங்கிய கையைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை. பின்னாளில் மருத்துவர் முன் வாயைத் திறக்க மறுப்பதற்கும் அதுவே காரணமாகலாம்.

ஆடும் பல்லை நாவினாலும், நன்கு கழுவிய விரலினாலும் பிள்ளையே மெல்ல அசைக்கட்டும். எப்பக்கமும் எளிதாகச் சாய்ந்து, வலியின்றித் தொங்கும் நிலை வந்தபின், பிள்ளையும் சம்மதித்தால், தூய துணியால் பல்லைப் பற்றி மெல்லத் திருகி எடுக்கலாம். சற்றே எதிர்த்தாலும் விட்டுவிட வேண்டும். இன்னும் சில நாட்கள் பொறுப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. அந்நாட்களில் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு போன்ற மெல்லிய உணவைக் கொடுக்கலாம்.

பல் விழுந்ததும் தூய துணியைச் சிறு உருண்டையாகச் சுருட்டி அவ்விடத்தில் வைத்து, பத்து அல்லது பதினைந்து நிமிடம் கடித்திருக்கச் சொல்லுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும், ஓயாமல் வாய் கொப்பளிப்பதும் உறைந்த இரத்தத்தைக் கலைத்துவிடும். சிறிதளவு இரத்தமும் உமிழ்நீரோடு கலந்தால் மிகுதியாகத் தோன்றும், கலங்க வேண்டாம். அரைமணி நேரத்திற்கு மேலும் நிற்காவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் எளிதில் உறையாத நோய் இருந்தால் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறிவைத்தல் அவசியம்.

புண்ணில் புகையிலை, மூக்குப்பொடி, சுண்ணாம்பு ஆகியவற்றை வைக்கலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்தால் அது ஈற்றைப் புண்ணாக்கும். பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்கு மருத்துவர் சொல்லாமல் அம்மாத்திரையைத் தரவே கூடாது. பிள்ளை பல்லை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் அது மலத்தோடு வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத்திணறலோ கண்டால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இடம் காக்கும் பற்கள்

இனி அலட்சியத்தைப் பற்றிச் சில சொற்கள். பால்பல் உணவை மெல்வதற்கு மட்டும் உதவுவதன்று; பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருப்பதும் அதுவே. சொத்தையினால் பால் கடைவாய்ப் பல் காலத்திற்கு முன் போய்விட்டால், அருகிலுள்ள பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாயும். பத்து வயதில் வரவேண்டிய பல் வழியின்றிக் கோணலாகவோ வரிசைக்கு வெளியிலோ முளைக்கும். அன்றியும், பால்பல்லின் வேரில் சீழ் கட்டினால் அது அடியிலுள்ள நிலைப்பல்லையும் பழுதாக்கலாம்.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பக்கத்திற்கு ஒன்றாக மேலும் கீழுமாய் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை நிலைப்பற்கள். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய இவற்றைப் பால்பற்கள் என்று எண்ணிக் கவனியாது விடுவதால், பள்ளிப் பருவத்திலேயே இவற்றை இழந்துவிடும் பிள்ளைகள் உண்டு. போனால் வேறு முளைக்காது.

ஆகவே, ஏழெட்டு வயது வரை காலையிலும் இரவு படுக்குமுன்னும் பெற்றோரே உடனிருந்து பல் துலக்கிவிட வேண்டும். புளோரைடு கலந்த பற்பசை, மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். கரித்தூளும் செங்கல்தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து அழித்துவிடும்.

கலங்க வேண்டாதவை, விரைய வேண்டியவை

புதுப்பல் சற்று மஞ்சளாகவும், நுனி ரம்பம்போலவும் தோன்றுவது இயல்பே. மேல் நடுப்பற்களிடையே காணும் இடைவெளியும் பலருக்குக் கோரைப்பற்கள் வந்தபின் குறைந்துவிடும். கீழ் வரிசையில் பால்பல் விழுமுன்பே அதன் பின்னால் புதுப்பல் எழுவதுண்டு. முன்பல் ஆடிக்கொண்டிருந்தால் பொறுத்திருக்கலாம். சற்றும் ஆடாமலிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விளையாட்டில் அடிபட்டு முழுப்பல்லும் கழன்று விழுந்தால், அது எந்தப் பல் என்று முதலில் அறிக. பால்பல்லைத் திரும்பப் பொருத்தலாகாது. உள்ளிருக்கும் நிலைப்பல்லுக்கு ஊறு நேரும். நிலைப்பல்லாயின், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, தேய்க்காமல், அழுக்கிருந்தால் மட்டும் சில நொடிகள் கழுவி, அதன் குழியிலேயே வைக்க வேண்டும். இயலாவிடில் பாலில் இட்டு உடனே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது.

அச்சத்திற்கு மருந்து

பல் விழும் பருவமும் புதுநன்மை வாங்கும் பருவமும் பெரும்பாலும் ஒன்றே. அந்நாளில் எடுத்த படங்களில் எத்தனை பிள்ளைகள் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்கள்! “பொக்கை வாய்” என்ற கேலிதான் காரணம். நமக்கு அது வேடிக்கை. பிள்ளைக்கோ தன் உடலிலிருந்து ஒரு பகுதி கழன்று போகிறதே என்னும் திகைப்பு.

இதனை உணர்ந்தவர் ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு லூயிஸ் கொலோமா. பிறந்தபோதே அரசரான பதின்மூன்றாம் அல்போன்சோவுக்கு 1894-ஆம் ஆண்டளவில், எட்டு வயதில், ஒரு பல் விழுந்தது. சிறுவனுக்காக அவர் பெரேஸ் என்னும் எலியின் கதையை எழுதினார். தலையணைக்கடியில் வைத்த பல்லை எடுக்கவரும் எலி, குட்டி அரசனையும் ஓர் எலியாக்கி, ஏழைச் சிறுவன் ஒருவனின் குடிலுக்கு அழைத்துச் செல்கிறது. தன் வயதுப் பிள்ளைகள் குளிரிலும் வறுமையிலும் வாடுவதை அரசன் அங்கே காண்கிறான். இன்றும் ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகள் பல் விழுந்த இரவில் பெரேஸ் எலிக்காகக் காத்திருக்கிறார்கள்.

நம் ஊர்களில் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிகிறோம். கூரையானாலும் தலையணையானாலும், பிள்ளையின் அச்சத்தை மகிழ்ச்சியாக மாற்றுவதே அவ்வழக்கங்களின் பயன். ஆகவே பெற்றோரே, ஆடும் பல்லுக்கு அவகாசம் கொடுங்கள். ஆடாத பல்லுக்குக் காவல் இருங்கள். நூலைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் அமர்த்தி, “எங்கே, உன் பல்லைக் காட்டு பார்க்கலாம்” என்று கேளுங்கள். நம்மை நம்பும் பிள்ளை தானாகவே வாயைத் திறக்கும்.